புத்தி கலங்க வைத்த சாப்பாடு: பெலாக்ராவின் கதை

ஞாபக சக்திக்கு என்ன சாப்பிடலாம்னு போன்ல தேடிப் பாருங்க. வால்நட், ப்ளூபெர்ரி, வல்லாரை, மீன் எண்ணெய் மாத்திரைன்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகும். எல்லாமே "இதையும் சேர்த்துக்கோங்க" ரகம். எனக்கு இதைவிட முக்கியமாப் படுற கேள்வி வேற. சாப்பாட்டுல எது இல்லாமப் போனா ஒரு மனுஷனுக்குப் புத்தியே கலங்கும்? வரலாற்றுல இதுக்கு ஒரு தெளிவான பதில் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடும், கண்டுபிடிச்ச பிறகும் அதை ஏத்துக்க மறுத்ததும்தான் இன்னைக்குக் கதை.

நோயின் பெயர் பெலாக்ரா. முதலில் வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து, தடித்து, உரியும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல ஒரு தடம் விழும். அடுத்து வயிற்றுப்போக்கு. அதற்குப் பிறகு மூளை: தூக்கம் போகும், எரிச்சல் வரும், மறதி, குழப்பம், இல்லாத குரல்கள். கவனிக்காமல் விட்டால் மரணம்.

1735-ல் ஸ்பெயினின் அஸ்டூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். நோயாளிகள் எல்லோரும் ஏழைகள், சாப்பிட்டது பெரும்பாலும் மக்காச்சோளம் என்று அப்போதே எழுதி வைத்தார்.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோ பக்கம் மக்கள் அதை ஆயிரக்கணக்கான வருஷமாச் சாப்பிட்டும் இந்த நோய் அவங்களைப் பெருசா அண்டலை. காரணம் சுண்ணாம்பு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவெச்சு, ஊறவெச்சு, அப்புறம்தான் அரைப்பாங்க. சோளத்துக்குள்ள நியாசின், அதாவது பி3 வைட்டமின், பூட்டிக் கிடக்குது. சுண்ணாம்புதான் அந்தப் பூட்டைத் திறக்கிற சாவி. ஐரோப்பாக்காரங்க விதையைக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க, அந்தச் சமையல் முறையை விட்டுட்டாங்க. அதுக்கான விலையை இரண்டு நூற்றாண்டு கொடுத்தாங்க.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்கள். எங்கே பார்த்தாலும் பருத்தி. வீட்டுக்குக் காய்கறி போடக்கூட இடம் விடாமல் வாசல் வரை பருத்தி. குத்தகை விவசாயியும் மில் தொழிலாளியும் சாப்பிட்டது மூன்று பொருள்கள்: சோளமாவு, பன்றிக் கொழுப்பு, கரும்புப் பாகு. 1906-ல் அலபாமாவில் கறுப்பின மக்களுக்கான ஒரு மனநல மருத்துவமனையில் 88 பேருக்கு பெலாக்ரா வந்தது. பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். அதன் பிறகு தென்மாநிலம் எங்கும் மனநல மருத்துவமனைகளில் இதே நோய் தெரிய ஆரம்பித்தது. உள்ளே வந்த பிறகு நோய் பிடித்தவர்கள் ஒரு பக்கம். பெலாக்ரா வந்து புத்தி தடுமாறியதால் பைத்தியம் என்று உள்ளே அடைக்கப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். இதை நினைச்சா எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையும். ஒரு டம்ளர் பால், ஒரு கை பயறு கிடைச்சிருந்தா வெளியே நடமாடியிருக்கக்கூடியவங்க அவங்க.

1914-ல் அமெரிக்க அரசு ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அனுப்பியது. சிறுவயதில் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் வந்து குடியேறிய யூதக் குடும்பம் அவருடையது. அப்போது பலரும் இதைத் தொற்றுநோய் என்றே நம்பினார்கள். கோல்ட்பெர்கர் கவனித்தது ஒரு எளிய விஷயம். மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வருது, அவங்களோடயே நாள் முழுக்கப் பழகுற நர்ஸுகளுக்கு வரலை. கிருமின்னா ஆள் பார்த்தா ஒட்டும்?

மிசிசிப்பியின் அநாதை இல்லங்களில் பால், முட்டை, இறைச்சி, பயறு சேர்க்கச் சொன்னார். நோய் மறைந்தது. 1915-ல் அதே மாநிலத்துச் சிறைப் பண்ணை ஒன்றில், பொதுமன்னிப்பு தருவதாக ஆளுநர் வாக்களிக்க, கைதிகள் சிலர் சோளமாவு வகைச் சாப்பாட்டை மட்டும் சாப்பிடச் சம்மதித்தார்கள். கடைசி வரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு பெலாக்ரா அறிகுறிகள். இன்னைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதுக்குக் கையெழுத்துப் போடாது, போடவும் கூடாது.

அப்பவும் நம்பலை. 1916-ல் கோல்ட்பெர்கர் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அவர்களின் தோல் செதில், மலம் எல்லாவற்றையும் மாவோடு உருட்டி விழுங்கினார். அவர் மனைவி மேரியும் ரத்தம் ஏற்றிக்கொண்டார். யாருக்கும் பெலாக்ரா வரவில்லை. (சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க மன்னிக்கணும்.)

ஆதாரம் இவ்வளவு இருந்தும் ஏன் ஏற்கவில்லை? அதே 1916-ல் சார்ல்ஸ் டேவன்போர்ட் என்ற யூஜெனிக்ஸ் ஆள், இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்று எழுதினார். பரம்பரைன்னு சொல்லிட்டா யாரும் எதுவும் செய்ய வேண்டாம் பாருங்க. கோல்ட்பெர்கரும் பொருளாதார வல்லுநர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கரும் தென் கரோலினாவின் மில் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, வருமானம் குறையக் குறைய நோய் கூடுவது தெரிந்தது. அப்படின்னா மருந்து கூலி உயர்வு. பருத்தி விலை சரிந்த 1921-ல் பெலாக்ரா பெருகப் போகிறது என்று வாஷிங்டன் எச்சரித்தபோது தென்மாநிலத் தலைவர்கள் கொதித்தார்கள்: எங்க ஊர்ல பஞ்சமா? மானம் போச்சேன்னு.

கோல்ட்பெர்கர் 1929-ல் இறந்தார். காணாமல் போன சத்து எது என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. 1937-ல் கான்ராட் எல்வெஜெம் அது நிகோடினிக் அமிலம், நாம் இப்போது நியாசின் என்று சொல்வது, என்று காட்டினார். மருந்தாகக் கொடுத்தபோது குழம்பிக் கிடந்தவர்கள் சில நாட்களிலேயே தெளிந்தார்கள். உடம்பின் செல்கள் சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்க நியாசின் வேண்டும். எடைக்கு மிஞ்சிச் சக்தியை எரிக்கும் உறுப்பு மூளை. அதனால்தான் அங்கே அடி பலமாக விழுகிறது.

நம்ம பக்கமும் இது வந்திருக்கு. தக்காணத்தில் சோளத்தை மட்டும் நம்பி வாழ்ந்த ஏழை மக்களிடம் பெலாக்ரா இருந்தது. மக்காச்சோளம் இல்லை, நாட்டுச் சோளம். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும், அந்தச் சோளத்தில் மிகுதியாக இருக்கும் லியூசின் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 1960-ல் எழுதினார்கள். அந்த வாதம் பின்னால் பல விவாதங்களைச் சந்தித்தது.

இதெல்லாம் பழைய கதைன்னு தோணலாம். 1990-க்கு வாங்க. மொசாம்பிக் போரிலிருந்து தப்பி மலாவி முகாம்களில் தங்கியிருந்த அகதிகளுக்கு ரேஷன் மக்காச்சோளம்தான். நியாசினுக்காக அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பொருள்: வேர்க்கடலை. நம்ம ஊர்ல பேப்பர் பொட்டலத்துல விக்கிற அதே கடலை. அந்தக் கடலை வரத்து நின்றது. சில மாதங்களில் 17,000 பேருக்கு மேல் பெலாக்ரா.