25 பவுண்டும் எட்டு எலிகளும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற என் நண்பன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு தடி விண்ணப்பம். ஏதோ ஒரு கம்பெனி நடத்துகிற அறக்கட்டளை, பல்கலைக்கழக ஆராய்ச்சிகளுக்குப் பணம் தருதாம். எல்லாப் பக்கமும் நிரப்பியாச்சு, ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. 'இந்த ஆராய்ச்சியால் மூன்று ஆண்டுகளில் கிடைக்கப்போகும் பயன் என்ன?'

"என்ன கிடைக்கப்போகுதுன்னு இப்பவே தெரிஞ்சா நான் ஏண்டா ஆராய்ச்சி பண்ணணும்?" என்றான். "போன தடவை வேற ஒரு இடத்துல நேர்மையா 'இப்போதைக்குத் தெரியாது'ன்னு எழுதினேன். ஒரே வரியில திருப்பி அனுப்பிட்டாங்க."

எனக்கும் பதில் தெரியலை. காபியைக் கையில் குடுத்துட்டு, அவனுக்குப் பென்சிலின் கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். பள்ளிக்கூடத்துல படிச்ச அந்தப் பூஞ்சை கதை இல்லை. அதுக்கு அப்புறம் வர்ற கதை. யார் காசு கொடுத்தாங்க, யார் கொடுக்கலை, அந்தக் காசு என்ன பண்ணுச்சுங்கற கதை. அவன்கிட்ட சொன்னதையே இங்கேயும் எழுதி வெச்சுடறேன்.

1928-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் கண்ணுல ஒரு பூஞ்சை பட்டது, அதைச் சுத்தியிருந்த கிருமிகள் கரைஞ்சு போயிருந்தது, 1929-ல் கட்டுரை எழுதினார். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் பத்து வருஷம் அந்தக் கட்டுரையைப் பெரிசா யாரும் கண்டுக்கலைங்கறதுதான் நாம மறந்துடற விஷயம். பூஞ்சைச் சாறுலேர்ந்து அந்தப் பொருளைப் பிரிச்செடுக்க முடியலை. எடுக்கப் போனா கெட்டுப்போச்சு.

அதைத் திரும்பக் கையில் எடுத்தது ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு. தலைவர் ஹோவர்ட் ஃப்ளோரி, ஆஸ்திரேலியாக்காரர். அவர்கூட எர்ன்ஸ்ட் செயின், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் பெர்லினை விட்டு வந்த யூதர். மூணாவது ஆள் நார்மன் ஹீட்லி. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில வரும்.

இவங்க வேலை பார்த்த கட்டடமே ஒரு நன்கொடைதான். சர் வில்லியம் டன் என்கிற ஸ்காட்லாந்து வணிகர் விட்டுப்போன சொத்திலிருந்து, அதன் அறங்காவலர்கள் 1922-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு லட்சம் பவுண்ட் கொடுத்தாங்க. அதுல எழும்பினது 1927-ல் திறந்த டன் நோயியல் பள்ளி. அருமையான கட்டடம். ஆனா கட்டடம் கட்டக் காசு கொடுக்கிறவங்க உள்ளே அடுப்பெரியக் காசு கொடுக்கறதில்லையே. (நம்ம ஊர்லயும் கல்வெட்டுல பேர் வர்ற வேலைக்குத்தான் நன்கொடை சீக்கிரம் சேரும்!) 1935-ல் ஃப்ளோரி பொறுப்பேத்தப்போ துறை கையைக் கடிக்கிற நிலைமை. மின்செலவை மிச்சம் பிடிக்க லிஃப்டை நிறுத்தி வெச்சார் மனுஷன். அங்கே இங்கே கடிதம் போட்டுப் பணம் கேக்கறதே அவருக்குப் பாதி உத்தியோகம்.

1939 செப்டம்பர் 3-ல் பிரிட்டன் போரில் இறங்குது. 6-ம் தேதி ஃப்ளோரி, அரசாங்கத்தோட மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துச் செயலாளர் எட்வர்ட் மெல்லன்பிக்கு எழுதறார். பென்சிலினைச் சுத்தமா பிரிச்செடுக்க முயற்சி பண்றோம், மருந்தாகிற வாய்ப்பு இருக்கு, உதவி வேணும்னு. உடனடிச் செலவுக்குன்னு கிடைச்சது 25 பவுண்ட். பிறகு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாங்க, ஆனா பெரிசா இல்லை. இந்த 25 பவுண்டை வெச்சு அந்த மன்றத்தைக் கிண்டலடிக்காத ஆள் கிடையாது. எனக்கென்னமோ அது நியாயமாப் படலை. போர் ஆரம்பிச்சு மூணு நாள். நாடே துப்பாக்கிக்கும் கோதுமைக்கும் காசு தேடிக்கிட்டிருக்கு. பத்து வருஷமா யாரும் தொடாத ஒரு பூஞ்சைக்கு அந்த 25 கிடைச்சதே பெரிசு.

இப்போ நியூயார்க் பக்கம் போவோம். எண்ணெய்ப் பணத்துல 1913-ல் உருவானது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. அதன் இயற்கை அறிவியல் பிரிவுக்கு 1932-லேர்ந்து இயக்குநர் வாரன் வீவர். அடிப்படையில் கணக்கு வாத்தியார். அவருக்கு ஒரு பிடிவாதம்: இயற்பியலும் வேதியியலும் உயிரியலுக்குள்ளே போகணும், அங்கேதான் அடுத்த பெரிய விஷயம் நடக்கும்னு. 'மூலக்கூறு உயிரியல்' என்கிற பேரையே 1938-ல் ஓர் அறிக்கையில் வெச்சது அவர்தான்.

அந்த அறக்கட்டளை வேலை பார்த்த விதம்தான் எனக்குப் பிடிச்ச இடம். விண்ணப்பம் வரட்டும்னு மேசையில் உட்கார்ந்திருக்கலை. அதிகாரிகள் ஐரோப்பா முழுக்க ரயிலேறிப் போவாங்க, ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமா நுழைவாங்க, யார் என்ன பண்றாங்கன்னு பார்த்து நாட்குறிப்பு எழுதுவாங்க. பொண்ணு பார்க்கப் போற மாதிரின்னு வெச்சுக்கங்களேன் :-) 1939 நவம்பரில் அப்படி ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தவர் ஹாரி மில்லர். ஃப்ளோரி அவர்கிட்ட பேசினார். அந்த மாசமே விண்ணப்பம் போச்சு.

இங்கே கவனிக்கணும். லண்டனுக்கு எழுதினப்போ ஃப்ளோரி முன்னால நிறுத்தினது மருந்தை. நியூயார்க்குக்கு எழுதினப்போ முன்னால நிறுத்தினது வேதியியலை. ஒரு நுண்ணுயிர் இன்னொண்ணைக் கொல்ல எதைச் சுரக்குது, அதோட வேதியியல் என்ன என்கிற அடிப்படைக் கேள்வி. அது வீவரோட பிடிவாதத்துக்கு அப்படியே பொருந்துச்சு. ரெண்டுமே பொய் இல்லை. பூஞ்சை ஒண்ணுதான், எந்தப் பக்கத்திலேர்ந்து காட்டறோங்கறதுதான் வித்தியாசம்.

கிடைச்சது வருஷத்துக்கு 5,000 டாலர், அஞ்சு வருஷத்துக்கு. அப்போதைய கணக்கில் வருஷம் 1,250 பவுண்ட். பிரமாதமான தொகைன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த 'அஞ்சு வருஷம்' என்கிற வார்த்தைதான் விஷயமே. அடுத்த மாசம் யாருக்குக் கடிதம் எழுதணும் என்கிற கவலை இல்லாம ஒரு குழு வேலைக்கு இறங்க முடிஞ்சது.

ஹீட்லியும் ராக்ஃபெல்லர் காசுலதான் கிடைச்சார். அவருக்குக் கோபன்ஹேகன் போக அந்த அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்திருந்தது. போர் வந்து பயணம் நின்னுபோச்சு. அந்தத் தொகையை ஆக்ஸ்ஃபோர்டிலேயே வெச்சுச் செலவழிக்கச் சம்மதிச்சாங்க. அந்தச் சின்னச் சம்மதம் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பென்சிலினைச் சாறுலேர்ந்து ஈதருக்கு மாத்தி, அங்கேர்ந்து அமிலத்தன்மையை மாத்தித் திரும்பத் தண்ணிக்குக் கொண்டுவர்ற வழியைக் கண்டுபிடிச்சவர் ஹீட்லி. பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் இல்லாம, மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வைக்கிற மலத்தட்டுல வளர்த்தவர். அப்புறம் அந்த அச்சுலேயே பீங்கான் பாத்திரங்களை வடிவமைச்சு, செய்யச்சொல்லி வாங்கினார்.

1940 மே 25, சனிக்கிழமை. எட்டு எலிகளுக்கு உயிரைக் கொல்லும் அளவுக்குக் கிருமி ஊசி. அதுல நாலுக்கு மட்டும் பென்சிலின். ஹீட்லி ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தார். விடியறதுக்குள்ள மருந்து கிடைக்காத நாலும் செத்துப்போச்சு. மருந்து போட்ட நாலும் காலையில உயிரோட இருந்தது. மறுநாள்தான் டன்கிர்க் கடற்கரையிலேர்ந்து பிரிட்டிஷ் படைகளைக் கப்பலேத்த ஆரம்பிச்சாங்க. நாடு அந்த நிலைமையில் இருந்தப்போ இவங்க எலி எண்ணிக்கிட்டிருந்தாங்க. ஜெர்மன்காரன் வந்துட்டா பூஞ்சை தப்பிக்கணுமேன்னு, கோட்டுத் துணியில் அதன் வித்துக்களைத் தேய்ச்சு வெச்சுக்கிட்டாங்களாம்.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்கிற போலீஸ்காரருக்கு ஊசி போட்டாங்க. முகமெல்லாம் சீழ் பிடிச்சு, ஒரு கண்ணு போயிருந்த மனுஷன். ஒரே நாள்ல தேற ஆரம்பிச்சார். ஆனா மருந்து தீர்ந்துபோச்சு. அவரோட சிறுநீர்லேர்ந்து பென்சிலினைத் திரும்பப் பிரிச்செடுத்து அவருக்கே போட்டாங்க. அதுவும் போதலை. மார்ச் 15-ல் இறந்துட்டார். மருந்து தோத்துப்போகலை, அளவு பத்தலை.

அங்கேதான் ஆய்வுக்கூடத்துப் பணத்தோட எல்லை முடியுது. பிரிட்டிஷ் கம்பெனிகள் போர் வேலையில் மூழ்கியிருந்தாங்க. 1941 கோடையில் ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனாங்க. அந்தப் பயணச்செலவும் ராக்ஃபெல்லர்தான். பியோரியா ஊரில் இருந்த வேளாண்துறை ஆய்வுக்கூடம், சோளமாவு ஆலையில் மிஞ்சற ஊறல் தண்ணியில் பூஞ்சையை வளர்த்துப் பல மடங்கு எடுக்க வழி கண்டுபிடிச்சது. மெர்க், ஸ்க்விப், ஃபைசர் எல்லாம் ஒரேயடியா குதிச்சிடலை, தயங்கினாங்க. அவங்களை இழுத்துவிட்டவர்களில் முக்கியமானவர், அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுத் தலைவர் ஆல்ஃப்ரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸ். அவருக்கு ஃப்ளோரியை எப்படித் தெரியும்? 1925-ல் ஃப்ளோரி ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்கா போனப்போ, பென்சில்வேனியாவில் ரிச்சர்ட்ஸ்கிட்டதான் வேலை பார்த்தார்! பதினாறு வருஷம் முன்னால ஒரு இளைஞனுக்குக் கொடுத்த பணம் இப்படி வட்டியோட திரும்பினது. இதை எந்த விண்ணப்பத்துல, எந்தக் கட்டத்துல எழுதறது?

கம்பெனிகளையும் குறைச்சுச் சொல்லக்கூடாது. சிட்ரிக் அமிலம் தயாரிச்சுப் பழகின ஃபைசர், பிரமாண்டத் தொட்டிகளில் பூஞ்சையை அமுக்கி வளர்க்கிற ஆலையை 1944 மார்ச்சில் புரூக்ளினில் திறந்தது. ஜூன் மாசம் நார்மண்டியில் படைகள் இறங்கினப்போ காயம்பட்டவங்களுக்குப் போட மருந்து கையில் இருந்தது. அரசு, பல்கலைக்கழகம், கம்பெனி மூணும் சேராம அது நடந்திருக்காது. ஆனா வரிசையைப் பாருங்க. கம்பெனிப் பணம் வந்தது எலி பிழைச்ச பிறகு. எலி பிழைக்குமான்னு தெரியாதப்போ வந்தது அந்த 5,000 டாலர்.

ஒரு கசப்பும் உண்டு. காப்புரிமை வாங்கிடணும்னு செயின் தலைபாடா அடிச்சுக்கிட்டார். மருந்துக்குக் காப்புரிமை தர்மமில்லைன்னு மெல்லன்பி உள்ளிட்ட பெரியவங்க தடுத்துட்டாங்க. தயாரிப்பு முறைகளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தாங்க. பிரிட்டனில் அது ஆறாத புண்ணாச்சு. 1945-ல் நோபல் பரிசு ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூணு பேருக்கு. ஹீட்லிக்கு இல்லை. 1990-ல் ஆக்ஸ்ஃபோர்ட் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது. மருத்துவர் இல்லாத ஒருத்தருக்கு அந்தப் பட்டம் அதுதான் முதல் தடவையாம். 2004-ல் இறந்தார்.

அதே குழுவில் இருந்த எட்வர்ட் ஏப்ரஹாம் பாடம் கத்துக்கிட்டார். அவரும் கை நியூட்டனும் 1953-ல் செஃபலோஸ்போரின் சி-யைக் கண்டுபிடிச்சப்போ காப்புரிமை முறையா எடுக்கப்பட்டது. நம்ம மருந்துக்கடையில் கிடைக்கிற செஃபிக்ஸிம் வகையறாவெல்லாம் அந்தக் குடும்பம்தான். வந்த பணத்தின் பெரும்பகுதியை ரெண்டு பேரும் ஆராய்ச்சிக்கான அறக்கட்டளைகளாக ஆக்கிட்டாங்க. ஒரு காலத்தில் லிஃப்டை நிறுத்தின அதே டன் பள்ளிக்கும் அதிலேர்ந்து பணம் போச்சு. வாங்கின கை கொடுக்கிற கை ஆனது.

கதை முடியறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு. நண்பன் கேட்டான்: "எல்லாம் சரி, ஃப்ளோரி அந்தக் கட்டத்துல என்னடா எழுதியிருப்பான்?"

எனக்குத் தோணினதைச் சொன்னேன். பயன் இதுதான்னு அவர் சத்தியம் பண்ணலை. எந்தக் கேள்வியைப் பிடிச்சிருக்கோம், யார் யார் பண்றோம், ஏன் எங்களால முடியும்னு சொன்னார். அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற ஆள் எதிர்ப்பக்கம் இருந்தது அவரோட அதிர்ஷ்டம். விண்ணப்பதாரர் கெட்டிக்காரரா இருந்தா மட்டும் போதாது, படிக்கிறவரும் கொஞ்சம் ஆய்வுக்கூடத்துப் பக்கம் வந்துபோயிருக்கணும்.

நண்பன் அந்தக் கட்டத்துல நாலு வரி எழுதினான். கேள்வி என்ன, முதல் வருஷம் எதை அளக்கப்போறேன், அது தப்பாப் போனா என்ன தெரியவரும். 'புற்றுநோய்க்கு மருந்து'ன்னு எழுதலை. அனுப்பிட்டான். பதில் இன்னும் வரலை.

வந்தா சொல்றேன், மக்களே.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்காதீங்க. அது வைரஸ், பென்சிலினுக்கு அசையாது. அத்தனை பேர் பாடுபட்டுக் கொண்டுவந்த மருந்தை வீணடிச்ச பாவம் வேற சேரும் :-)