ஒரே ஓவியர், இரண்டு புனிதையர்

ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் சில இருக்கின்றன. அவற்றில் இரண்டை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒருவர் கைவேலை என்று நம்புவது கடினம். புனித ஃபிரைட்ஸ்வைட் சன்னல் 1859இல் பவல் நிறுவனத்தார் செய்தது. புனித செசிலியா சன்னல் 1875இல் நண்பர் வில்லியம் மோரிஸின் பட்டறையில் உருவானது.

முதல் சன்னலில் நான்கு பத்திகள், பதினாறு காட்சிகள். ஃபிரைட்ஸ்வைட் அந்த ஊரின் காவல் புனிதை. துறவு பூண்ட அரசகுமாரி. மணந்தே தீருவேன் என்று துரத்தும் அல்கர் என்பவனுக்குத் தப்பி ஓடுகிறார், பன்றிக் கொட்டிலில் ஒளிகிறார், துரத்தியவன் கண்ணிழக்கிறான். புனிதையை அடையாளம் காட்ட இங்கே கையில் எந்தப் பொருளும் தேவையில்லை. பன்றிகளே அவர் தாழ்மையைச் சொல்லிவிடுகின்றன. குருடானவன் காமத்தின் கதியைச் சொல்கிறான். சிவப்பும் நீலமும் பச்சையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டம் பிதுங்குகிறது. மரணக் காட்சியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டுப் புனிதை உயிர்விடும் அறைக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் விக்டோரியா காலக் கழிப்பறை ஒன்று! குறும்போ, வீட்டுச் சாமான்கள் மீதிருந்த ஆசையோ, பக்தி அதனால் குறைந்துவிடவில்லை.

செசிலியாவிடம் இந்தச் சந்தடி கிடையாது. நடுவில் நெடிதுயர்ந்து நிற்கிறார், இருபுறமும் வானதூதர்கள். கையடக்கமான ஆர்கன் ஒன்றே அவர் இசையின் காவல் புனிதை என்பதைச் சொல்லப் போதும். அவர் வாழ்க்கைக் கதை காலடியில் சிறு காட்சிகளாகச் சுருங்கிவிட்டது. ஆடையெல்லாம் வெண்மை, ஆங்காங்கே வெள்ளி உப்பைப் பூசிச் சூளையில் சுட்டெடுத்த இளமஞ்சள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஓவியர் பலமுறை இத்தாலி போய்வந்தார். நீண்ட உடலும் சோர்ந்த முகமும் அந்நாட்டு ஓவியர் போத்திசெல்லியை நினைவூட்டுவதில் வியப்பில்லை. கன்னிமையும் வேதசாட்சி மரணமும் இங்கே நிகழ்ச்சியாக வருவதைவிட நிறமாகவே வருகின்றன. அடையாளம் என்ற வகையில் இது நுட்பமான வழிதான்.

கண்ணாடி வேலை என்று பார்த்தால் கதை வேறு. துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டை ஃபிரைட்ஸ்வைட் சன்னலில் வெட்கமின்றித் தெரிகிறது. நிறத்தை நிறத்திலிருந்து பிரிப்பதும் அதுவே, காட்சிக்கு வேகம் தருவதும் அதுவே. செசிலியாவில் அது ஆடை மடிப்புக்குள் ஒளிந்துகொள்கிறது. மீதியைத் தூரிகை பார்த்துக்கொள்கிறது. எனவே அழகான ஓவியம் ஒன்று ஒளி புகும் இடத்தில் மாட்டப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதே ஆலயத்தில் 1878இல் வந்த புனித கத்தரீன் சன்னலுக்கும் இது பொருந்தும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் செசிலியா முன்னால்தான் நிற்பார்கள், முகம் அப்படி. என் தீர்ப்பு, பன்றிகளும் கழிப்பறையும் உள்ள அந்த நெரிசலான சன்னலுக்கே.