கைத்துப்பாக்கியின் பிடிப்பலகை: திருவிதாங்கூர் மரங்களை முன்வைத்து ஒரு பொருள்சார் வரலாற்று நோக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், திருநெல்வேலி மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் அஞ்சுகிராமம். 1949 வரை அகத்தீசுவரம் வட்டத்தின் பிற ஊர்களைப் போலவே இவ்வூரும் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இதற்குக் கிழக்கே பிரித்தானிய இந்தியா தொடங்கியது. அந்தப் பக்கத்தில் 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவைப்பட்டது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. இந்தப் பக்கத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ‘ராஜ மரங்கள்’ எனப்பட்டன. தனியார் நிலத்தில் வளர்ந்தாலும் அவை அரசுக்கே உரியவை. ஆயுதமும் அதற்குப் பிடியாகத்தக்க மரமும் மக்களின் கைக்கு எட்டாதவாறு இரு அரசுகளின் சட்டங்களால் தனித்தனியே காக்கப்பட்டன. பழைய கைத்துப்பாக்கி ஒன்றின் உடைந்த பிடிக்கு மாற்றாக எந்த மரத்தைத் தேர்வது என்னும் வினாவை இப்பின்னணியில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கைத்துப்பாக்கியின் கைப்பிடிக்கு இருபுறமும் திருகாணியால் பொருத்தப்படும் மெல்லிய தகடுகளே பிடிப்பலகைகள். துப்பாக்கியின் உலோகப் பகுதிகள் நூறாண்டு நிலைத்தாலும் இவை அவ்வாறு நிலைப்பதில்லை. வியர்வையும் எண்ணெயும் ஊறி, திருகாணித் துளையைச் சுற்றி வெடிப்பு விழும். எனவே பழந்துப்பாக்கிகளில் பெரும்பாலும் முதலில் மாற்றப்படும் உறுப்பு இதுவே. பழமை என்றாலே மரம் என்னும் பொது எண்ணம் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்வதும் இவ்விடத்தில்தான். ஜெர்மனியின் லூகர் துப்பாக்கியும் அமெரிக்கக் கோல்ட் நிறுவனத்தின் 1911 மாதிரியின் தொடக்ககாலத் துப்பாக்கிகளும் அக்ரூட் மரப்பிடியுடன் வெளிவந்தவை. ஆனால் பிரித்தானியப் படையினர் ஏந்திய வெப்லி சுழல்துப்பாக்கியின் பிடி கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய வன்ரப்பரால் ஆனது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை வெளியிட்ட தொடக்ககாலச் சட்டைப்பைத் துப்பாக்கிகளின் பிடியும் அச்சில் வார்த்த வன்ரப்பரே.

தமிழக வரலாற்றில் மிகுதியும் பேசப்பட்ட கைத்துப்பாக்கி இப்பெல்ஜியப் பிரௌனிங் வகையைச் சேர்ந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், அதே துப்பாக்கியால் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவரது சொந்த ஊராகிய செங்கோட்டையும் அஞ்சுகிராமத்தைப் போலவே அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அவர் பணியாற்றியதோ புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். ராஜ மரங்களைக் காக்கும் துறையின் ஊழியர் ஒருவர் கையில் ஏந்திய ஆயுதத்தில் அந்த மரங்களுள் எதற்கும் இடமில்லை. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் அவர் சுடும் பயிற்சி பெற்றார் என்பது பலரும் ஏற்கும் செய்தி; பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாகிய அவ்வூரில் 1878 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுபடியாகாது. ஐரோப்பியத் தொழிற்சாலையில் பல்லாயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட வன்ரப்பர்ப் பிடி, அந்த ஆயுதம் எத்தகைய உலகச் சந்தையிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகும். அவ்வகைத் துப்பாக்கி ஒன்றுக்கு இன்று மெருகேற்றிய ஈட்டிப் பலகையைப் பொருத்தினால் பார்வைக்கு அழகு கூடும், அச்சான்று மறைந்துவிடும்.

முதலில் மரப்பிடியே இருந்த துப்பாக்கிகளுக்கு வினா வேறு. திருவிதாங்கூர் வனப் பாதுகாவலராக இருந்த டி. எஃப். பூர்டில்லனின் ‘திருவிதாங்கூர் வனமரங்கள்’ என்னும் நூல் 1908 இல் வெளிவந்தது. அந்நாட்டின் மரவளத்தை அறிய இன்றும் பயன்படுவது அது. அவ்வளத்துள் பிடிக்கெனப் பலரும் முதலில் நாடுவது ஈட்டி. தமிழகத்தின் பிற பகுதிகளில் இது தோதகத்தி எனப்படும். (படைக்கருவி ஒன்றின் பெயரும் மரத்தின் பெயரும் ஒன்றாக அமைந்தது சொல்லாய்வாளர் கவனிக்கத்தக்கது.) ஈட்டி கனமும் உறுதியும் உடையது, கருஞ்சிவப்பு வரிகளும் கொண்டது. ஆனால் அதன் நார் பின்னி ஓடுவதால், கை வழுக்காதிருக்க வெட்டும் நுண்ணிய குறுக்குக் கீறல்களின் முனைகள் சிலாம்பாக உதிரும். கருங்காலி காயும்போது வெடிக்கும். மெல்லிய பலகையில் அவ்வெடிப்பு திருகாணித் துளையை நாடும். தேக்கு ஈரத்துக்கு அசையாதது என்றாலும் மென்மை மிக்கதாகையால் கீறல்கள் விரைவில் மழுங்கும். ஐரோப்பியர் அக்ரூட்டைத் தேர்ந்தது அழகு கருதி மட்டுமன்று: அதிர்ச்சியைத் தாங்கும், நன்கு பதப்பட்டபின் வடிவம் மாறாது, நுண்கீறலையும் ஏற்கும். இந்தியப் படைத்துப்பாக்கிகளின் அடிக்கட்டைக்குக் காஷ்மீர் அக்ரூட் பயன்பட்டதும் இப்பண்புகளாலேயே. ஆகவே லூகருக்கு ஈட்டியைப் பொருத்துவது நாட்டுப்பற்றின்பாற்படலாம்; மீட்டுருவாக்கத்தின்பாற்படாது.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் நாஞ்சில் நாட்டின் ஈரக்காற்றில், பச்சை வாட்டம் நீங்காத மரம் எதுவாயினும் வளையும். அதனால் பல்லாண்டு பதப்பட்ட கட்டை தேவைப்படுகிறது. சட்டமும் அத்திசையிலேயே தள்ளுகிறது. 1994 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், பட்டா நிலத்து ஈட்டியையும் அனுமதியின்றி வெட்டத் தடை விதித்தது. ராஜ மரம் என்னும் கருத்து, முடியாட்சி மறைந்த பின்னும் காப்பு என்னும் வேறொரு நியாயத்துடன் தொடர்ந்தது எனலாம். 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இவற்றின் விளைவாக, பழைய வீடுகளின் கதவு, நிலை, அலமாரி ஆகியவற்றிலிருந்து கழித்த துண்டுகள் பிடிப்பலகைக்கு ஏற்ற மூலப்பொருளாகின்றன.

ஆயின் இத்தீர்வு ஆய்வாளருக்கு ஒரு புதிய இடரைத் தருகிறது. நூறாண்டு பழைய கதவின் துண்டில் இன்று செதுக்கிய பலகை, மரத்தின் வயதாலும் நிறத்தாலும் துப்பாக்கியோடு உடன்பிறந்ததைப் போலத் தோன்றும். பின்னாளில் அருங்காட்சியகப் பட்டியல் எழுதுபவர் அதனை மூலப்பிடி என்றே பதிவுசெய்யக்கூடும். அதிலிருந்து இவ்வகைத் துப்பாக்கிகள் திருவிதாங்கூர்த் தச்சரின் பிடியுடன் புழங்கின என்னும் முடிவு எழுந்தால், இல்லாத ஒரு கைவினை மரபு ஏட்டில் ஏறிவிடும். சிதைந்த உறுப்புக்கு ஈடாக வைக்கப்படுவது முழுமையோடு இசைய வேண்டும், அதேவேளை மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது கட்டடப் பாதுகாப்புக்கென 1964 இல் உருவான வெனிஸ் சாசனத்தின் 12 ஆம் பிரிவு. கோயில் திருப்பணியை ஒட்டி அறிஞரிடையே பேசப்படும் இந்நெறி கைத்துப்பாக்கிக்கும் பொருந்தும்.

நடைமுறையில் இது எளிதே. பலகையின் உட்புறம் வெளிப்பார்வைக்குத் தெரியாது. மரத்தின் பெயர், அது எடுக்கப்பட்ட பழம்பொருள், செதுக்கிய ஆண்டு ஆகிய மூன்றையும் அங்கே பொறிக்கலாம். திருகாணித் துளையைப் பெரிதாக்குவதற்கோ உலோகச் சட்டத்தை அராவுவதற்கோ இடம் தரலாகாது. பலகைதான் சட்டத்துக்கேற்ப இழைக்கப்பட வேண்டும். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டுகிறது. ஆதலால் பொருத்தும் பணி உரிமம் பெற்றவரின் கையில் நிகழ வேண்டும்; தச்சருக்கு அளவெடுக்க உடைந்த பிடியே போதும். பழுப்பேறிய வன்ரப்பர்த் துண்டுகளாயினும், வெடித்த அக்ரூட் பலகையாயினும், கழற்றியவை அத்துப்பாக்கியின் பதிவெண்ணுடனேயே வைக்கப்பட வேண்டும். தொழிற்சாலையின் முத்திரை எஞ்சியிருப்பது பல வேளைகளில் அவற்றில் மட்டுமே.