கோர்கான் நெடுஞ்சுவரின் தடம்: பழைய வான்படங்களின் சாட்சியம்

வடகிழக்கு ஈரானில் காஸ்பியன் கடற்கரைச் சமவெளியிலிருந்து கிழக்கு மலையடிவாரம் வரை ஏறக்குறைய 200 கி.மீ. நீளும் கோர்கான் சுவரைத் தேடிப் போகிறவர் பல இடங்களில் சுவரையே காணமாட்டார். சுட்ட செங்கற்களை ஊரார் தம் வீடுகளுக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சியவை தாழ்ந்த மண்மேடும் தூர்ந்த அகழியும்தான். துர்க்மானியர் வழங்கும் 'செம்பாம்பு' என்ற பெயரில் மட்டும் செங்கல்லின் நிறம் தங்கியிருக்கிறது.

1937-இல் தொல்லியலாளர் எரிக் ஷ்மித் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் இத்தடம் கோடாகத் தெரிந்தது. சாய்வெயிலில் முழ உயர மேடும் நிழல் விடும். தூர்ந்த அகழியின் ஈரத்தில் பயிர் கூடுதலாகச் செழிக்கும். பின்னர் டிராக்டர் உழவும் பாசனமும் பல மேடுகளைக் கரைத்துவிட்டன. ஆகவே இன்றைய துல்லியமான செயற்கைக்கோள் படம் வந்தபின் பழையவை தேவையற்றவை என்ற எண்ணம் தவறு. 1960-களின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் மங்கலானவைதாம். ஆனால் அழிந்த மேட்டை எத்தனை கூர்மையான படமும் மீட்டுத் தராது.

கோடு தெரிந்தால் போதுமா? வாய்க்காலும் கோடுதான், பழைய சாலையும் கோடுதான். கோர்கானில் ஐயத்தைத் தீர்ப்பது சமச்சீரின்மை. அகழி வடக்கே, செவ்வகக் கோட்டைகள் தெற்கே. முப்பதுக்கும் மேற்பட்ட அக்கோட்டைகள் ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்பதால் எது உட்புறம், எது வெளிப்புறம் என்பது வானிலிருந்தே விளங்குகிறது. எல்லை என்று சொல்ல இதைவிட நல்ல சான்று படத்தில் கிடைக்காது.

காலக்கணிப்பில்தான் வான்படம் கைவிடுகிறது. மரபு இச்சுவரை அலெக்சாந்தருக்கு உரியதாக்கியது. 1970-களில் பார்த்தியர் காலம் என்றார்கள். 2005 முதல் ஈரானிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் தோண்டியபோது விடையளித்தவை சுவரோரம் வரிசையாக இருந்த காளவாய்கள். சுவருக்கான செங்கல்லை அங்கேயே சுட்டதால், காளவாயின் கரியும் சுட்ட மண்ணும் சுவரின் வயதையே சொல்கின்றன: கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு, அதாவது சாசானியர் காலம். நடு ஆசிய ஹெப்தலைட்டுகளோடு சாசானிய மன்னன் பேரோஸ் (459–484) பொருத காலத்தோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் கட்டியவன் அவனேதான் என்று அடித்துச் சொல்ல இது போதாது.

அகழி என்று நாம் அழைப்பது நீர் ஓடிய கால்வாயும்கூட. செங்கல் அறுக்கக் குழைத்த மண்ணுக்குத் தண்ணீர் அதன்வழிதான் வந்திருக்க வேண்டும். பகைவனைத் தடுக்கும் சுவர் மேடுபள்ளம் பாராமல் ஏறி இறங்கலாம். தண்ணீருக்கோ சரிவு வேண்டும். படத்தில் இக்கோடு வளைந்து செல்வதைப் போர்த் தந்திரமாக மட்டும் படிப்பவர்கள், கட்டுமானத்தை நடத்திய நீர்மட்டக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். இதைச் சரிபார்க்க வேண்டிய இடம் தரை: கால்வாயின் அடிமட்டத்தைக் கோட்டைக்குக் கோட்டை அளந்து, பழைய படங்களின் வளைவுகளோடு பொருத்த வேண்டும்.