உறையின் மேற்குறிப்பு: மின்னஞ்சல் இணைப்புகள் வந்த கதை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓரிரவு. ஞாயிறு இதழின் நடுப்பக்கம் அச்சுக்குச் செல்ல ஒரு மணித்தியாலமே எஞ்சியிருந்தது. புலம்பெயர்ந்து வாழ்ந்த எழுத்தாளர் ஒருவரின் கட்டுரை மின்னஞ்சலில் வந்து சேர்ந்திருந்தது. திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடந்தன. ஆசிரியபீடத்தில் நாம் பயன்படுத்திய பாமினி எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தும் பயனில்லை. அவர் வேறோர் எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். இறுதியில் தொலைபேசியில் அழைத்து, அவர் அச்சிட்டு வைத்திருந்த பிரதியைத் தொலைநகலில் பெற்று, முதல் வரியிலிருந்து மீண்டும் தட்டச்சு செய்தோம். பக்கம் தாமதமாயிற்று. எல்லோரும் கணனியைத் திட்டினோம். கணனியின் மீது குற்றமில்லை என்பது பல ஆண்டுகளின் பின்னரே எனக்கு விளங்கியது.

விளங்குவதற்கு மின்னஞ்சலின் பழங்கதையைச் சற்றே அறிய வேண்டும்.

1971 இல் அமெரிக்கரான ரே டொம்லின்சன் வலையமைப்பினூடாக முதல் மின்னஞ்சலை அனுப்பினார். 1982 ஆகஸ்டில் ஜோன் போஸ்டல் அஞ்சல் பரிமாற்ற விதிகளை ஆவணமாக வகுத்தார். அவ்விதிகளின்படி கடிதத்தில் செல்லும் ஒவ்வொரு குறிக்கும் ஏழு பிட்டுகளே உண்டு. அதாவது 128 குறிகள். ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அது போதும். புகைப்படத்துக்கோ ஒலிப்பதிவுக்கோ போதாது. அவற்றின் ஒவ்வொரு பைட்டும் எட்டுப் பிட்டுகள் கொண்டது. அப்படியே அனுப்பினால் வழியில் எட்டாவது பிட் உதிர்ந்துபோகும், கோப்பும் பாழாகும்.

இதற்கு முன்பே, 1980 இல், பெர்க்லியிலிருந்த கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் ஹோர்ட்டன் ஒரு நிரலை எழுதியிருந்தார். எந்தக் கோப்பையும் அச்சிடத்தக்க குறிகளாக அது மாற்றித் தரும். பெறுபவர் அக்குறிகளைத் தனியே வெட்டியெடுத்து, இன்னொரு நிரலால் பழைய வடிவுக்கு மீட்டுக்கொள்வார். கோப்பின் பெயர் கூடவே வரும். ஆனால் அது படமா, ஒலியா, எந்த மொழி எழுத்தா என்று சொல்லும் குறிப்பு எதுவும் இராது. சில அஞ்சல் மென்பொருள்களில் படம் இணைக்கும் வசதி இருந்ததுண்டு. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே மென்பொருளை வைத்திருந்தால் மட்டுமே அது பயன்பட்டது.

அக்குறையைத் தீர்த்தவர்கள் இருவர். பெல்கோர் ஆய்வு நிறுவனத்தின் நத்தானியேல் போரென்ஸ்டீனுக்குப் படமும் ஒலியும் அஞ்சலில் செல்ல வேண்டும். கலிபோர்னியாவின் நெட் பிரீட்டுக்கோ வெவ்வேறு அஞ்சல் முறைகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டும். இரு தேவைகளும் சேர்ந்து பிறந்ததே ‘மைம்’ எனப்படும் விதிமுறை. 1992 மார்ச் 11 ஆம் திகதி போரென்ஸ்டீன் அம்முறையில் முதல் இணைப்பை அனுப்பினார். அதில் இருந்தவை, அவரும் சக ஊழியர் மூவரும் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் படமும் அவர்களின் பாடலும். அவ்வாண்டு ஜூனில் விதிமுறை ஆவணமாக வெளிவந்தது.

அவர்கள் பழைய அஞ்சற்பாதையை உடைக்கவில்லை. ஏழு பிட் விதி அப்படியே இருந்தது. கோப்பின் மூன்று பைட்டுகளை நான்கு ஆங்கிலக் குறிகளாக மாற்றி அனுப்பினர். பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, வேறு குறி 2 என மொத்தம் 64 குறிகளே இதற்குப் போதும். மூன்று நான்காவதால் கோப்பு மூன்றிலொரு பங்கு பருத்துவிடும். அதுவே வழிச்செலவு. ஆகவே ‘இணைப்பு’ என்று நாம் சொல்வது உண்மையில் கடிதத்துக்கு வெளியே ஒட்டிய பொதியன்று. கடிதத்தின் உள்ளேயே எழுத்து வேடம் பூண்டு செல்லும் கோப்பு அது.

ஆயினும் வேடம் புதிதன்று. ஹோர்ட்டனும் அதைச் செய்தார். புதிதாக வந்தது மேற்குறிப்பு. இப்பகுதி படம், இப்பகுதி ஒலி, இப்பகுதி இன்ன குறியேற்றத்தில் அமைந்த எழுத்து என்று ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பில் எழுதப்பட்டது. இன்று வங்கிக் கணனியொன்று நள்ளிரவில் ஆயிரக்கணக்கானோருக்குக் கணக்கறிக்கை அனுப்பும்போதும் அதன் நிரல் அதையே செய்கிறது: பகுதிகளைப் பிரிக்கும் கோட்டை இடுகிறது, வகையைக் குறிக்கிறது, கோப்பின் பெயரை எழுதுகிறது, குறிகளாக மாற்றுகிறது. 1999 இன் மெலிஸாவும் 2000 மே மாதத்துக் ‘காதல் கடித’ வைரஸும் இதே கதவால் நுழைந்தவைதாம்.

இனி எமது கட்டுரைக்கு வருவோம். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணனி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. ஆகவே அக்காலத் தமிழ்க் கடிதத்தின் மேற்குறிப்பில் ‘இலத்தீன் எழுத்து’ என்றே இருந்தது. அஞ்சல் சரியாகவே வந்தது. மேற்குறிப்புத்தான் பொய் சொன்னது.

1991 இலேயே யுனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. 1996 இல் அதன் யுடிஎஃப்-8 குறியேற்றத்துக்கு மைம் குறிப்பில் எழுதத்தக்க பெயரும் கிடைத்தது. எமது மேசைகளுக்கு அது வந்துசேர மேலும் பல ஆண்டுகள் சென்றன. இம்முறையில் ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட்டு; அஞ்சலுக்காக உருமாற்றினால் 20 ஆங்கிலக் குறி. அன்றும் தமிழ் ஆங்கில வேடத்தில் பயணித்தது, இன்றும் அவ்வாறே பயணிக்கிறது. இன்று உறையின்மேல் உண்மைப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதே வேறுபாடு.

என்னிடம் பழைய இறுவட்டுகள் சில உண்டு. அவற்றிலுள்ள கட்டுரைகளை எழுதியவர்களுள் சிலர் இன்று உயிருடன் இல்லை. எழுத்துருவின் பெயர் தெரிந்த கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றிவிட்டேன். தெரியாதவை இன்னும் அரைப்புள்ளிகளாகவே கிடக்கின்றன. உங்கள் பெட்டகங்களிலும் அத்தகைய கோப்புகள் இருக்கலாம். எந்த எழுத்துருவில் எழுதினீர்கள் என்பது நினைவிலிருக்கும்போதே அதன் பெயரை ஒரு வரியில் எழுதி வைத்துவிடுங்கள்.