ஆறாத் துயர் ஊழ்வினையா?

"அழுது தீர்த்தால் ஆறிவிடும்" என்பர் சிலர். "ஊழ்வினை, அனுபவித்தே தீரவேண்டும்" என்பர் வேறு சிலர். அழுதும் ஆறாத நெஞ்சை இவ்விரு மொழிகளும் தேற்றியதுண்டா?

1942 நவம்பர் 28. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கோகோநட் குரோவ் எனும் கேளிக்கை விடுதியைத் தீ விழுங்கிற்று. மாண்டோர் 492 பேர். மாண்டவரை உலகம் எண்ணிற்று. எஞ்சியவர் துயரை எண்ணிப் பார்த்தார் எரிக் லிண்டமன் எனும் மனநோய் மருத்துவர். அத்தீயில் உற்றாரை இழந்தோர் உள்ளிட்ட 101 பேரை ஆராய்ந்தார். துயருக்கும் அறிகுறி உண்டு, போக்கு உண்டு, மருத்துவ உதவியும் உண்டு என்று 1944இல் எழுதினார்.

மூளையின் இயக்கத்தைக் காட்டும் கருவி பின்னர் வந்தது. 2008இல் மேரி-பிரான்சஸ் ஓ'கானர் குழுவினர், மார்பகப் புற்றுநோய்க்குத் தாயையோ உடன்பிறந்தாளையோ பறிகொடுத்த 23 பெண்களிடம், மறைந்தவரின் படத்தைக் காட்டினர். வலியோடு தொடர்புடைய பகுதிகள் எல்லோரிடத்தும் கிளர்ந்தன. நீடித்த துயரில் உழன்ற 11 பேரிடம் மட்டும், வேட்கையோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் எனும் பகுதியும் கிளர்ந்தது. ஏக்கம் மிகுந்தோரிடம் அக்கிளர்ச்சியும் மிகுந்தது. சிறிய ஆய்வுதான், எனினும் அது சுட்டும் பொருள் பெரிது: போனவர் வருவாரென மூளை இன்னும் காத்திருக்கிறது!

2022 முதல், உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் நீடித்த துயர நோய்க்கும் இடமுண்டு. அதற்கெனப் பேச்சுவழி மருத்துவமும் உண்டு.

கால் முறிந்தவனுக்குக் கட்டுப் போடுகிறோம். நெஞ்சு முறிந்தவளைக் கோயில் வாயிலில் நிறுத்துவதேன்? அழுவது குற்றமன்று, தோழர்களே! ஆற்ற வழியிருந்தும் விதியென விட்டுவிடுவதே குற்றம்.