கிர்க்கேயும் கோயிலும்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மாரியம்மனுக்கு இருப்பதும் கோயில். பொம்மிடிப் பக்கம் பி.பள்ளிப்பட்டியில் லூர்து மாதாவுக்கு இருப்பதும் கோயில். நார்வேக்காரரோ பின்னதை மட்டுமே 'கிர்க்கே' என்பார். பயன்பாட்டில் ஒன்று அகலம், மற்றொன்று குறுகல். பிறப்பில் இரண்டும் வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கம்.

கோயில், கோவின் இல். கிர்க்கேயின் மூலம் கிரேக்கத்தின் 'கீரியகோன்', அதாவது ஆண்டவருக்குரியது. அதன் அடியான 'கீரியோஸ்' வீட்டுத் தலைவனையும் ஆள்பவனையும் இறைவனையும் ஒருங்கே சுட்டியது. நம் 'கோ'வும் அரியணையிலிருந்து கருவறைக்கு ஏறிய சொல்தான். சிலப்பதிகாரத்திலேயே இரு நிலைகளையும் காணலாம்: புகாரில் சிவனுக்குக் கோயில் உண்டு, மதுரையில் கண்ணகி நீதி கேட்டு நுழைவதும் கோயில்தான், ஆனால் அது பாண்டியனின் அரண்மனை. மலையாளத்தில் 'கோவிலகம்' இன்றும் அரச குடும்பத்தின் இல்லமே.

வேறுபாடும் சுவையானது. கீரியகோன் 'உரியது' என்று மட்டும் சொல்கிறது. வீடு என்ற பகுதி கிரேக்கத்திலேயே உதிர்ந்துவிட்டது. தமிழில் இல் இன்னும் நிற்கிறது. கிர்க்கே ஜெர்மானிய மொழிகள் வழியே கைமாறி, கிறிஸ்தவத்தோடு ஏறக்குறைய கி.பி. 1000-ஐ ஒட்டி வடக்கே போய்ச் சேர்ந்தது. கோயில் தன் மண்ணிலேயே விளைந்தது. கிரேக்கரோ தேவாலயத்துக்குக் கூட்டம், சபை என்னும் பொருளுள்ள 'எக்ளேசியா'வையே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு, ஸ்பானியச் சொற்களும் அதன் வழி வந்தவையே. நார்வேயில் கட்டடமும் கிர்க்கே, 2017-இல் அரசிலிருந்து பிரிந்து தனிச் சட்ட உரு பெற்ற சபையும் கிர்க்கே. தமிழ்க் கிறிஸ்தவர் கட்டடத்தைக் கோயில் என்றும் மக்களைத் திருச்சபை என்றும் பிரித்தே வழங்குகின்றனர். இதில் தமிழே துல்லியமானது என்பேன்.

பொருளில் கோயிலுக்கு இன்னும் நெருங்கிய கிரேக்கச் சொல் ஒன்று உண்டு: அரச மண்டபம் என்னும் பொருளில் பிறந்த 'பசிலிக்கா'. 1962-இல் வேளாங்கண்ணி அந்தத் தகுதியைப் பெற்றபோது, மாதா கோயிலுக்கு அதே கருத்து இரண்டாம் முறை சூட்டப்பட்டது.

இரு சொற்களும் நேரில் சந்தித்த இடம் டேனியரின் குடியேற்றமாக இருந்த தரங்கம்பாடி. 1718-இல் அங்கே லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் டேனியருக்குக் கிர்க்கே, தமிழருக்குக் கோயில். டென்மார்க்கும் நார்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்த காலம் அது. முகப்பில் பொறிக்கப்பட்டிருப்பது அந்த இரு நாடுகளையும் ஆண்ட நான்காம் பிரெடரிக்கின் முடிசூடிய பெயர்முத்திரை.